மெட்டுகளைத் தேடிப் போங்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சபைப் பாடகர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி தங்கைகளுக்கு,

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், பெட்டாலிங் ஜெயா, கிள்ளான், காப்பார், ஷா ஆலம் என்று இந்தப் பள்ளத்தாக்கெங்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் பாடும் உங்கள் எல்லோருக்கும் ஷா ஆலமிலிருந்து இந்த அக்காவின் அன்பு வாழ்த்துகள்.

எங்கள் சபையின் மூத்த மூப்பர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த செய்தி உங்களுக்கு எட்டியிருக்கும். அடக்க ஆராதனைக்கு உங்களில் பலர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தீர்கள். வேறு வேறு சபைகளைச் சேர்ந்த நீங்கள் ஒத்திகை எதுவும் இல்லாமல் ஒரே குழுவாக நின்று பாடினீர்கள். அவருடைய குடும்பத்தின் சார்பிலும் எங்கள் சபையின் சார்பிலும் உங்களுக்கு நன்றி. அவர் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. பாட்டு நிகழ்ச்சி அறிக்கைகளில்கூடத் தம் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவந்தவர் அவர். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

அவர் நினைவாக என்ன செய்யலாம் என்று அன்று முதல் பலர் கேட்டுவருகிறீர்கள். சுழற்கிண்ணத்தோடு ஒரு பாட்டுப் போட்டி நடத்தலாம் என்கிறார்கள் சிலர். நினைவு இசை மாலை வைக்கலாம், ஆலயச் சுவரில் படம் மாட்டலாம் என்கிறார்கள் வேறு சிலர். எல்லாம் அன்பில் பிறந்த யோசனைகள்தான். ஆனால் அவர் நமக்குச் செய்தது என்ன என்பதை நன்றாக எண்ணிப் பார்த்தால் வேறொரு கடமை நம் முன்னால் நிற்கிறது. கீர்த்தனைப் புத்தகத்தில் சொற்கள் இருக்கின்றன, ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கின்றன, மெட்டு இல்லை. மெட்டு அவரைப் போன்றவர்களின் தொண்டையில் இருந்தது. அவர் போய்விட்டார். அவரைப் போன்ற வேறு சிலர் உங்கள் சபைகளின் பின்வரிசைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பாட்டைக் கேட்டு வாங்குங்கள் என்று சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

இளையவர்களுக்கு அவருடைய முதுமை மட்டுமே தெரியும் என்பதால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கியவர்களில் ஒருவர். தோட்டத்தில் ஆலயம் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை உபதேசியார் சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஏதாவது ஒரு வீட்டின் ஐந்தடியில் பாய் விரித்து உட்கார்ந்து பாடுவார்கள். புத்தகம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், எழுத்துத் தெரிந்தவர்களும் அவ்வளவு பேர்தான். ஒருவர் அடியை எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடியே நூறு பாட்டுகளை மனத்தில் ஏற்றிக்கொண்ட தலைமுறை அது. மூப்பரின் தாயார் திருநெல்வேலிப் பக்கத்தவர். வேலைக்காட்டில் களைத்துத் திரும்பிய பிறகும் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு சரணமாவது சொல்லிக்கொடுக்காமல் அந்த அம்மா விளக்கை அணைக்க மாட்டாராம். அவர் பாடிய மெட்டுகளைத்தான் மூப்பர் கடைசிவரை பாடினார்.

எழுபதுகளில் தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப் போல அவரும் தொழிற்சாலை வேலை தேடி ஷா ஆலமுக்கு வந்தார். இந்த நகரமே ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டமாக இருந்த நிலம். ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் சாலைகள் எழுந்தன. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது சிலாங்கூருக்குப் புதிய தலைநகரம் தேவைப்பட்டது. 1978இல் ஷா ஆலம் அந்தத் தகுதியைப் பெற்றது. பட்டணம் வளர்ந்த வேகத்துக்கு ஆலயங்கள் எழவில்லை. கத்தோலிக்க மக்கள் பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு 2005இல்தான் கிளென்மேரியில் இறை இரக்க ஆலயம் திறக்கப்பட்டது. அந்தச் செய்தியைத் தம் சொந்தச் சபைக்கு வந்த நன்மை போலவே மூப்பர் எங்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எங்களைப் போன்ற சிறிய சபைகள் கடைவீட்டு மாடிகளில்தான் கூடின. கீழே மோட்டார் பட்டறை, மேலே ஆராதனை. கோபுரமும் மணியும் இல்லாத அந்த மாடியை ஆலயமாக உணரவைத்தது பாட்டுத்தான். முதல் பாட்டுக்கு அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை அசைத்த அந்த நொடியில் எங்களுக்கு ஆராதனை தொடங்கிவிடும்.

அந்த ஆர்மோனியத்தைச் செப்பனிட்டு வைத்திருந்தவரும் அவரே. இந்த நாட்டின் ஈரக்காற்றில் பித்தளை நாக்குகள் சீக்கிரம் சுருதி இறங்கிவிடும். தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களை இழைத்துப் பழகிய கை அவருடையது. நாக்கின் நுனியை மெல்லச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒரு இழை கூடிப்போனாலும் நாக்கு கெட்டுவிடும். சனிக்கிழமை மாலைகளில் சாளரத்தருகே உட்கார்ந்து, ஒவ்வொரு நாக்காக எடுத்து, காதருகே வைத்து மீட்டி, சுரண்டி, மறுபடி மீட்டிப் பார்ப்பார். அருகில் நிற்கும் பிள்ளைகளிடம் ‘கேட்குதா, இப்போ சேர்ந்துடுச்சா?’ என்று கேட்பார். சுருதி சேர்வது என்றால் என்ன என்பதை எங்களில் பலர் அந்தக் கேள்வியில்தான் கற்றுக்கொண்டோம்.

அவர் பாடகராக இருந்ததைவிடச் சபையைப் பாடவைப்பவராக இருந்தார். இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சுருதி வைப்பதற்கு முன்னால் அவர் சரணத்தை மனத்துக்குள் பாடிப் பார்ப்பார். பல்லவி யாருக்கும் எட்டிவிடும். சரணம் மேல் ஷட்ஜத்தைத் தொடும் இடத்தில்தான் வயதானவர்கள் பாடுவதை நிறுத்துவார்கள். அவர் கண் எப்போதும் கடைசி வரிசைப் பாட்டிமார்கள் மேல் இருக்கும். அவர்கள் வாய் அசைவது நின்றால், அடுத்த பாட்டை அரைக்கட்டை இறக்கித் தொடங்குவார். குழு நன்றாகப் பாடியது என்று யாராவது பாராட்டினால், ‘சபை பாடுச்சா?’ என்று திருப்பிக் கேட்பார். சபை பாடவில்லை என்றால் அன்றைக்கு நாங்கள் பாடியதாகவே அவர் கணக்கில் இல்லை.

ராகங்களைப் பற்றி அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு செய்தி பெரிய பாடம். கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டினால் செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, நவரோஜ் ஆகிய பெயர்கள் கண்ணில் படும். இந்த நான்கும் மேல் ஷட்ஜத்தைத் தாண்டி ஓடாதவை. ஒரே எல்லைக்குள் கீழும் நடுவுமாக உலவுபவை. கச்சேரி மேடையில் மத்திமத்தையே ஷட்ஜமாக வைத்துக்கொண்டு மத்திம சுருதியில் பாடப்படுபவை. நாட்டார் பாட்டுகளுக்கு நெருங்கியவை. பயிற்சி இல்லாத நூறு பேர் ஒன்றாகப் பாடத் தோதான எல்லை அது. இந்த ராகங்களைத் தேர்ந்தவர்கள் கடைசி வரிசையை நினைத்துத்தான் தேர்ந்திருக்கிறார்கள் என்பார் மூப்பர். சங்கராபரணத்தை மேற்கத்திய முறையில் சுரக்கூட்டுகள் சேர்த்துப் பாடினால் அழகாக இருக்கும், தாராளமாகச் செய்யுங்கள் என்பார். நாதநாமக்கிரியைக்கு அப்படிக் கூட்டுகளை அடுக்கினால் ராகம் அதற்குள் மூச்சுத் திணறும், அதற்குச் சுருதி ஒன்று போதும் என்பார். கீபோர்டு வாசிக்கும் தம்பிகள் இந்த வேறுபாட்டைக் காதால் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

தாளத்திலும் அவருக்கு அதே அக்கறை. பழைய கீர்த்தனைகளில் சில மிஸ்ர சாபு தாளத்தில் அமைந்தவை. தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. கீபோர்டில் நாம் தட்டி ஓடவிடும் தயார்த் தாளங்களில் பெரும்பாலானவை நாலு எண்ணிக்கை, மிஞ்சினால் மூன்று. ஏழில் பிறந்த பாட்டை எட்டுக்குள் நீட்டும்போது ஒவ்வோர் அடியிலும் ஓர் எழுத்து தேவையில்லாமல் இழுபடும். சில ஆண்டுகள் அப்படிப் பாடினால் காதுக்கு அதுவே பழகிவிடும், ஏழு மறந்துபோகும். மூப்பர் இதற்காக யார் மீதும் கோபப்பட்டது கிடையாது. தாளப்பெட்டியை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் தொடையில் தட்டவைத்து, அதே பாட்டை ஏழில் பாடிக்காட்டுவார். அடுத்த வாரம் அந்தத் தம்பியே அவரிடம் போய் ‘அங்கிள், நானே கையால வாசிக்கட்டுமா?’ என்று கேட்பான்.

இவ்வளவும் புத்தகத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் இரண்டு பாட்டு மரபுகள் சேர்ந்து வாழ்கின்றன. ஒன்று, ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளின் மெட்டுக்கே தமிழ்ச் சொற்களை அமைத்த ஞானப்பாட்டு அல்லது பாமாலை. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரீசியஸ் ஐயர் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கியது இந்த வழியில். இவற்றுக்கு மெட்டு அச்சிலேயே இருக்கிறது. உலகின் எந்த மூலையிலும் இசைக்குறிப்புத் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்து வாசித்துவிடலாம். மற்றொன்று கீர்த்தனை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அதன் பெரிய ஊற்று. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர், பெத்லகேம் குறவஞ்சியை எழுதியவர். பின்னால் வந்த மிஷனரிகள் தமிழ் இசைமுறையை ஆராதனையிலிருந்து விலக்க முயன்றபோது அதை எதிர்த்து எழுதியவரும் அவரே. அந்த எழுத்துகளிலேயே சாதி வேறுபாட்டையும் அவர் தாங்கிப் பேசினார் என்பதை நாம் மறைக்கக் கூடாது. அது நம் சபை வரலாற்றின் காயம். 1853இல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் சாஸ்திரியாரின் பாட்டுகளையும் சேர்த்துக் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். மிஷன் எல்லைகளைத் தாண்டி அந்தப் பாட்டுகள் பரவ அது வழி திறந்தது. ஆனால் அச்சில் ஏறியவை ராகம், தாளம், பல்லவி, அனுபல்லவி, சரணம். மெட்டைப் பாடிக் காட்ட ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பக்கங்கள் அமைந்தன. அந்த ஆளாக ஒவ்வோர் ஊரிலும் ஒரு மூப்பரோ உபதேசியாரோ ஒரு பாட்டியோ இருந்தார்கள்.

ராகத்தின் பெயர் தெரிந்தால் மெட்டு தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒரே ராகத்தில் ஆயிரம் மெட்டு போடலாம். சாஸ்திரியாரின் காலத்தவரான தியாகராஜரின் கிருதிகள்கூட வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீடர் மரபுகள் வழியாகத்தான் பிழைத்தன. மரபுக்கு மரபு பாட்டின் போக்கும் வேறுபட்டது. அந்தப் பாட்டுகள் அழிந்துவிடக் கூடாது என்று தவித்தவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த ஏ. எம். சின்னச்சாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர். 1890களில் கர்நாடக இசைப் பாட்டுகளைப் பாடகர்களிடம் கேட்டுக் கேட்டு மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதி அச்சிட்டார். அந்தப் பணியில் கைப்பொருளையும் கண்பார்வையையும் இழந்தார். பிறகு எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரிடம் இருந்த பெருஞ்செல்வம் எழுத்தில் வர வேண்டும் என்று பாடுபட்டார். அதன் பலனாக 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் பாட்டுகளை இன்று இவ்வளவு உறுதியோடு பாட முடிகிறது என்றால் அந்த நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. 1912 முதல் தஞ்சாவூரில் இசை மாநாடுகளைக் கூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் நம் சபைகளில் ஒன்றில் பாடியவர்தான். பிறருடைய பாட்டுகளைக் காக்கவும் தமிழிசையின் ஆழத்தை அளக்கவும் இப்படி வாழ்நாளைக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். நாம் நம் கீர்த்தனைகளுக்காவது ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்கலாம்.

மூப்பருக்குச் சுரம் எழுதத் தெரியும், ஆனால் எழுத மாட்டார். பாட்டு வாயிலிருந்து காதுக்குப் போக வேண்டும், தாளில் எழுதினால் அது படுத்துவிடும் என்பது அவர் எண்ணம். நான் அவரோடு பல முறை வாதாடியிருக்கிறேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கமகத்தை எந்தக் குறிப்பும் முழுதாகப் பிடிக்காது. ஆனால் அவர் வாழ்ந்த உலகத்தில் ஒரே லயத்தில் மூன்று தலைமுறை இருந்தது, பாட்டு தானாகக் கைமாறியது. நம் பிள்ளைகள் வெவ்வேறு தாமான்களில், அடுக்குமாடி வீடுகளில், சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது லயங்களோடு அங்கே கூடிய சிறு சபைகளும் கலைந்தன. காதுக்கும் வாய்க்கும் இடையே இவ்வளவு தூரம் விழுந்த பிறகு பதிவு தேவைப்படுகிறது. இந்த ஒன்றில் மட்டும் நான் அவரோடு கருத்து வேறுபடுகிறேன். அவர் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே, ‘சரிம்மா, பதிவு பண்ணு, ஆனா பாடாம விட்டுடாதே’ என்று சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் அவரிடம் கற்றோம். சரியான மெட்டு எது என்று அவர் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. புதிதாக யார் சபைக்கு வந்தாலும், பெயரையும் வேலையையும் விசாரித்த பிறகு அவர் கேட்கும் கேள்வி, ‘இந்தப் பாட்டை உங்க ஊர்ல எப்படிப் பாடுவாங்க?’ என்பதுதான். பாடிக்காட்டும்வரை விட மாட்டார்.

அந்தக் கேள்விக்கு இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பதில்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். மலாயா ரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் வேலைசெய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1814 முதல் அங்கே வேலைசெய்த மெதடிஸ்ட் மிஷனும் 1816 முதல் வேலைசெய்த அமெரிக்கன் மிஷனும் வளர்த்த பாட்டு மரபோடு வந்தார்கள். தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து லுத்தரன் மக்கள் தங்கள் ஞானப்பாட்டுகளோடு வந்தார்கள். அவர்களுடைய சீயோன் ஆலயம் 1924 முதல் பிரிக்பீல்ட்ஸில் நிற்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் குடும்பங்களும் நாகர்கோவில் பக்கத்துக் குடும்பங்களும் தங்கள் மெட்டுகளைக் கொண்டுவந்தன. தமிழ்நாட்டிலேயே ஒன்றையொன்று கேட்டிராத மெட்டுகள் சில தெருக்கள் இடைவெளியில் இங்கே ஒலித்தன. கிள்ளான், காப்பார் தோட்டங்களில் இவை கலந்து, தோட்டத்துத் தெம்மாங்கின் அசைவையும் ஏற்றுக்கொண்டு, வேறு எங்கும் இல்லாத மலாயா மெட்டுகளாயின. எங்கள் மூப்பர் பாடியவற்றில் சில அப்படிப்பட்டவை. தமிழ்நாட்டிலிருந்து வந்த போதகர்கள் அவற்றைக் கேட்டு வியந்து, மறுபடி பாடச் சொன்னதுண்டு.

இங்கே இன்னொரு பெரியவரையும் நினைக்க வேண்டும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005). ‘பரட்டை’ என்று எல்லோரும் அன்போடு அழைத்தவர். கீர்த்தனையின் சாஸ்திரிய இசை ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாக முடியவில்லை என்று துணிந்து சொன்னவர். பறையையும் நாட்டார் மெட்டையும் ஆராதனையின் நடுவே கொண்டுவந்தவர். நாட்டார் பாட்டை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிப் பாடலாம், அந்தச் சுதந்திரத்தில்தான் விடுதலை இருக்கிறது என்பது அவர் கற்பித்தது. அவருடைய பணியைப் பற்றி ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசையியலாளர் 2014இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். மெட்டுகளைக் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லும்போது சாஸ்திரிய ராகங்களை மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள். லயத்து வாசலில் தாளம் தட்டிப் பாடிய பாட்டுகள், கிறிஸ்துமஸ் பவனியில் லாரியில் நின்று பாடியவை, துக்க வீட்டில் விடிய விடியப் பாடியவை, அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு நடுவே பாடியவை எல்லாம் இதில் சேரும். அவற்றை ஒருவரும் எந்தப் புத்தகத்திலும் சேர்க்கவில்லை. முதலில் மறையப் போவது அவைதான்.

இனி நான் உங்களிடம் கேட்பதைச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் கைப்பேசிகளைத் தேடுங்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி ஆலயங்கள் மூடப்பட்டபோது, மூப்பர் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஒரு பாட்டை ஆர்மோனியத்தோடு பாடிப் புலனத்தில் அனுப்பினார். ஞாயிறு காலையில் அவரவர் வீட்டில் எல்லோரும் அதே சுருதியில் பாட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார். தம் குரலைப் பதிவு செய்யாத மனிதர், சபை பாட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செய்தார். அந்தப் பதிவுகளில் பல, கைப்பேசி மாற்றியபோதும் நினைவகம் நிறைந்து அழித்தபோதும் போய்விட்டன. உங்களில் யாரிடமாவது, உங்கள் அம்மா அப்பாவின் பழைய கைப்பேசியிலாவது அவை இருக்கலாம். தேடி எடுங்கள், பாட்டின் முதல் அடியையும் தேதியையும் குறித்து ஓர் இடத்தில் சேர்ப்போம்.

அடுத்து, ஒவ்வொரு குழுவும் தன் சபையின் மூத்தவர் ஒருவரைத் தேடிப் போகட்டும். மேடையில் பாடியவராக இருக்க வேண்டியதில்லை. வாய் திறந்து பாடிய எந்தப் பாட்டியும் ஒரு நூலகம்தான். அவர் வீட்டுக்கே போங்கள். மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டுக் கைப்பேசியை அருகில் வையுங்கள். முதல் முறை வாத்தியம் எதுவும் வேண்டாம். கீபோர்டு சுருதி அவர் குரலை இழுத்துவிடும், அவர் எடுக்கும் சுருதியிலேயே பாடட்டும். ஒருமுறை முழுதாக, பிறகு ஓர் அடி ஓர் அடியாக, பிறகு கையால் தாளம் போட்டபடி. பாடி முடித்ததும் கேட்க வேண்டியவை: இதை யாரிடம் கற்றீர்கள், எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், எப்போதெல்லாம் பாடுவீர்கள். இந்தப் பதில்களையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். தப்பாகப் பாடிவிடுவேனோ என்று அவர் தயங்கினால், உங்க ஊரில் எப்படிப் பாடுவீர்களோ அப்படிப் பாடினால் போதும் என்று சொல்லுங்கள். ஒரே பாட்டுக்கு நான்கு மெட்டு கிடைத்தால் நான்கையும் ஊர்ப்பெயரோடு வையுங்கள், எதையும் நீக்காதீர்கள். பதிவுகள் ஒரே கைப்பேசியில் கிடக்கக் கூடாது. சபை அலுவலகத்தில் ஒரு படி, இன்னொரு சபையில் ஒரு படி, இணையச் சேமிப்பில் ஒரு படி இருக்கட்டும். சுரம் எழுதத் தெரிந்தவர்கள் எழுதிச் சேருங்கள். தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளப் பிரிக்பீல்ட்ஸிலேயே இசைப் பள்ளிகள் இருக்கின்றன.

மூன்றாவது, பதிந்ததைப் பாடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு பாட்டை, அந்த மூத்தவரையே முன்னால் அழைத்து, அவர் எடுத்துக்கொடுக்கச் சபை வாங்கிப் பாடட்டும். ஒலிபெருக்கியைக் குறைத்துவிடுங்கள். புதிய பாட்டுகளை விட்டுவிடச் சொல்லவில்லை. மூப்பரே உங்கள் புதிய பாட்டுகளை ஆசையாகக் கற்றுக்கொண்டவர். எண்பதை நெருங்கும் வயதில் ஒரு பிள்ளையிடம் கிட்டார் சுரக்கூட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டதை எங்கள் சபையில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்று நீங்கள் இயற்றும் பாட்டும் ஒருநாள் யாருக்காவது பழைய பாட்டாகும். பாட்டு எந்த வயதினதாக இருந்தாலும் அவருடைய அளவுகோல் ஒன்றுதான்: அது சபையின் வாய்க்குப் போய்ச் சேர வேண்டும்.

போதகர்களுக்கும் சபைக் குழுக்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் இதைச் செய்யக் கேட்டு வரும்போது நேரம் கொடுங்கள், வண்டி கொடுங்கள். ஆராதனை நேரத்தில் ஐந்து நிமிடம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்ற பிரிவுகள் இந்தக் காரியத்தில் குறுக்கே நிற்க வேண்டாம். அடக்க ஆராதனையில் நீங்கள் எல்லோரும் ஒரே குரலாகப் பாடியதைக் கேட்ட பிறகு இதை நான் பயமில்லாமல் கேட்கிறேன்.

இசை மாலை வேண்டும் என்றால் வைப்போம். அதற்கு முன்னால் ஒவ்வொரு சபையும் ஒரு மூத்தவரையும் ஒரு பாட்டையும் கொண்டுவரட்டும். வரும் லெந்து காலத்து மாலைகள் இதற்குத் தோதானவை. தியானக் கூட்டம் முடிந்ததும் யாரும் அவசரமாகக் கிளம்ப மாட்டார்கள், பழைய பாட்டுகள் நாவில் இருக்கும் நேரமும் அதுதான். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் கடைவீட்டு மாடியில் எல்லோரும் கூடுவோம். நீங்கள் கற்றுவந்த மெட்டை எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள், எங்களுடையதை நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். போட்டி இல்லை, பரிசு இல்லை. வாசலில் யாராவது ஒருவர் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் உங்க ஊரில் எப்படிப் பாடுவீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

உங்கள் சபையில் யாரிடம் முதலில் போகப் போகிறீர்கள் என்பதை இந்த வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். அவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவருக்குத் தெரிந்த பாட்டுகளில் புத்தகத்தில் இல்லாத ஒன்றை முதலில் கேளுங்கள்.

கர்த்தருடைய அன்பில்,
உங்கள் அக்கா,
ஷா ஆலம்